பனிக்கடலில் விளையும் பயிர்

(இறுதியாண்டு மாணவி, கருவியியல் துறை)



துருவப் பகுதி என்றாலே நமக்கு என்ன ஞாபகம் வரும்? பனி, பென்குவின், கரடி, இவ்வளவுதான். புல் பூண்டு முளைக்காத வெள்ளைப் பாலைவனம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தரையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. ஆனால் கடலைப் பொறுத்தவரை அங்கே ஒவ்வொரு கோடையிலும் ஒரு பெரிய வெள்ளாமையே நடக்கிறது. விதைப்பவர் யாரும் இல்லை. பயிரோ கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதை நம்பித்தான் திமிங்கலம் முதல் பென்குவின் வரை அத்தனை உயிரும் வாழ்கிறது.

அந்தப் பயிரின் பெயர் ஃபைட்டோபிளாங்டன். தமிழில் தாவர மிதவை உயிரிகள் என்பார்கள். ஒரே ஒரு செல் கொண்ட நுண்ணிய பாசிகள். வேர் இல்லை, இலை இல்லை. நீர் போகும் போக்கில் போகும். உலகத்தில் ஓராண்டில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் உயிர்ப்பொருளில் ஏறக்குறைய பாதி இவற்றின் உழைப்பு! காடு, தோப்பு, வயல் எல்லாம் சேர்ந்து செய்வது மீதிப் பாதிதான்.

ஆறாவது செமஸ்டர் செமினாருக்காகக் கடல்நீரில் பச்சையத்தை அளக்கும் ஒரு கருவியைப் பற்றிப் படிக்கப் போய், நான் இந்த விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். படித்ததை நம் மொழியில் நம் மலரில் எழுதி வைத்தால் இன்னொருவருக்கு அந்தச் சிரமம் இருக்காது அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

யார் யார் இருக்கிறார்கள்?

எல்லாப் பாசியும் ஒன்றல்ல. துருவக் கடலில் முக்கியமாக நான்கு கூட்டத்தாரை அறிமுகப்படுத்துகிறேன்.

முதலாவது டயாட்டம். கண்ணாடி வீட்டுக்காரர்! சிலிக்காவால் ஆன ஓட்டுக்குள் குடியிருப்பவர். சங்கிலி சங்கிலியாகச் சேர்ந்து மிதப்பதும் உண்டு. ஓடு கனமானது என்பதால் செத்தால் சீக்கிரம் அடியில் போய்ப் படியும். 1839 முதல் 1843 வரை அண்டார்டிகாப் பக்கம் பயணம் செய்த ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர், அங்கே கடலும் பனிக்கட்டியும் பழுப்பு நிறமாக இருப்பதற்கு இவர்களே காரணம் என்று அப்போதே எழுதி வைத்தார்.

இரண்டாவது ஃபியோசிஸ்டிஸ். தனி செல்லாகப் பார்த்தால் சில மைக்ரான்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் கூடி, கொழகொழப்பான ஓர் உருண்டைக்குள் கூட்டுக்குடித்தனம் நடத்தும். இவர் வெளியிடும் கந்தகப் பொருள் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவாகி மேலே போய், மேகத் துளி உண்டாக விதையாகிறது.

மூன்றாவது கிரிப்டோஃபைட். சுமார் 8 மைக்ரான் உடம்பு, நீந்துவதற்கு இரண்டு இழை. ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது எல்லாரையும் விடப் பொடியர்: மைக்ரோமோனாஸ் போன்ற 2 மைக்ரானுக்கும் குறைவான பாசிகள்.

வெப்பக் கடல்களில் கோடிக்கணக்கில் இருக்கும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் துருவக் கடலில் மிக மிகக் குறைவு. ஆகவே ஆட்டம் பெரும்பாலும் இந்த நால்வருக்குள்தான்.

இப்போது கேள்வி இதுதான்: கரையோரத்தில் ஒரு கூட்டம், நடுக்கடலில் வேறு கூட்டம், இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் இன்னொருவர் என்று ஏன் மாறுகிறது? யார் தீர்மானிக்கிறார்கள்?

நன்னீர் மூடி

பயிருக்கு வெளிச்சம் வேண்டும், சத்து வேண்டும். வெளிச்சம் மேலே இருக்கிறது. சத்து பெரும்பாலும் ஆழத்தில் இருக்கிறது. இந்த இழுபறியில்தான் விஷயமே இருக்கு.

பலமாகக் காற்று அடித்தால் கடலின் மேல்பகுதி நன்றாகக் கலக்கப்படும். சத்து மேலே வரும். ஆனால் பாசியும் அடிக்கடி இருட்டான ஆழத்துக்கு இழுத்துப் போகப்படும். வெளிச்சப் பட்டினி! அதே சமயம் பனி உருகினால் என்ன ஆகும்? உருகிய நீரில் உப்புக் குறைவு, அடர்த்தியும் குறைவு. உப்பு நீருக்கு மேல் அது ஒரு மூடி போலப் படர்ந்துவிடும். அந்த மூடிக்குள் அகப்பட்ட பாசி கீழே போகாமல் வெளிச்சத்திலேயே இருக்கும். கோடையில் துருவத்தில் 24 மணி நேரமும் சூரியன். பிறகு கேட்கவா வேண்டும்? சில நாட்களில் கடல் பச்சையும் பழுப்புமாக மாறிவிடும். இதைத்தான் பாசிப் பெருக்கம் என்கிறார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. மூடி விழுவதற்கு முன் மேல்நீரில் சத்து இருக்க வேண்டும். இருந்தால் மூடி வரம். இல்லாவிட்டால் அதே மூடி கீழேயிருந்து வரும் சத்தையும் தடுத்துச் சாபமாகிவிடும். இந்த ஒரு வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் தெற்குக்கும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம் பாதி புரிந்துவிடும்.

தெற்கே கரையோரம்

அண்டார்டிகா என்பது கடல் சூழ்ந்த நிலம். அதன் மேற்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பத்தில் பால்மர் என்ற அமெரிக்க ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே 1990-களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் கடல்நீரை எடுத்துப் பார்த்து வருகிறார்கள்.

கோடை தொடங்கிக் கடல்பனி விலகியதும் அங்கே முதலில் பெருகுவது டயாட்டம். பிறகு பனியாறுகள் உருகி, கரையோர நீரில் உப்புக் குறையக் குறைய கிரிப்டோஃபைட் தலையெடுக்கிறது. கரையிலிருந்து திறந்த கடலை நோக்கிப் போகப் போகப் பச்சையத்தின் அளவு குறைகிறது. காரணம், கரையோரத்தில் மூடியும் உண்டு, இரும்புச் சத்தும் உண்டு. பனியாறு, மிதக்கும் பனிமலை, ஆழமில்லாத கடலடிச் சேறு எல்லாமே இரும்பைத் தரும்.

ராஸ் கடலில் இன்னொரு விதம். வசந்தத்தில், பனியில்லாத திறந்த நீர்ப் பகுதியில் கலக்கல் அதிகம், வெளிச்சம் மட்டு. அங்கே ராஜா ஃபியோசிஸ்டிஸ். மங்கலான, ஏறி இறங்கும் வெளிச்சத்தில் சமாளிக்கத் தெரிந்தவர். அதே ராஸ் கடலின் மேற்கே டெர்ரா நோவா விரிகுடாப் பக்கம், பனி உருகி மேல்நீர் மெல்லிய அடுக்காக நிலைத்து நிற்கும் இடத்தில் கோடையில் டயாட்டம்தான் ஆதிக்கம். ஒரே கடல், ஒரே குளிர். கலக்கல் மாறியது, ஆளும் மாறியது!

இதில் கணக்கும் மாறுகிறது. ஒரே அளவு பாஸ்பேட்டை எடுத்துக்கொண்டு ஃபியோசிஸ்டிஸ் உட்கொள்ளும் கரியமில வாயு, டயாட்டம் உட்கொள்வதைவிட அதிகம் என்று 1999-இல் ராஸ் கடல் ஆய்வு காட்டியது. ஆகவே எவ்வளவு பாசி என்று பார்த்தால் மட்டும் போதாது. எந்தப் பாசி என்றும் பார்க்க வேண்டும்.

தெற்கே நடுக்கடல்: எல்லாம் இருந்தும் ஒன்று இல்லை

கரையை விட்டு வெகுதூரம் போனால் தென்பெருங்கடலில் ஒரு புதிர். மேல்நீரிலேயே நைட்ரேட், பாஸ்பேட் ஏராளம். ஆழத்து நீர் தானாக மேலெழும்பிக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஆனாலும் பாசி கொஞ்சம்தான். ஏன்?

இதை வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அப்பா குத்தகைக்கு நெல் போடுகிறவர். அம்மாவும் நாற்று நடுகிறவர். அம்மா கேட்டார்: "ஏன்டி, எல்லா உரமும் இருந்தும் பயிர் எழும்பலையா? அப்படின்னா நம்ம வாய்க்கால் வயல்ல ஜிங்க் குறைஞ்ச மாதிரின்னு சொல்லு." நான் அசந்துபோனேன். விஞ்ஞானிகள் பல ஆண்டு வாதாடிக் கண்டுபிடித்ததும் அதேதான்! யூரியா, பொட்டாஷ் எல்லாம் போட்ட வயலிலும் துத்தநாகம் குறைந்தால் நெல் மஞ்சளித்து நிற்கும். ஏக்கருக்குச் சில கிலோ ஜிங்க் சல்ஃபேட் போட்டால் தேறிவிடும். தென்பெருங்கடலில் குறைவது துத்தநாகம் அல்ல, இரும்பு. ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் இரும்பு, ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒளிச்சேர்க்கைக்கும், நைட்ரேட்டைச் சத்தாக மாற்றுவதற்கும் இரும்பு கட்டாயம் வேண்டும். நிலத்திலிருந்து காற்றில் வரும் தூசிதான் நடுக்கடலுக்கு இரும்பு தரும் வழிகளில் ஒன்று. அந்தக் கடலோ நிலத்தை விட்டு வெகுதூரம்.

இதை அழுத்திச் சொன்னவர் ஜான் மார்ட்டின் என்ற அமெரிக்கக் கடல் ஆய்வாளர். அரைக் கப்பல் இரும்பைக் கொடுத்தால் ஒரு பனியுகத்தையே வரவழைப்பேன் என்று 1988-இல் பாதி வேடிக்கையாகச் சொன்னாராம். 1993-இல் அவர் மறைந்தார். அதே ஆண்டு, அவர் மறைந்து சில மாதங்களில், பசிபிக் கடலில் முதல் சோதனை நடந்தது. 1999 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே தென்பெருங்கடலிலேயே இரும்பு கரைத்தார்கள். டயாட்டம் பெருகியது. ஆறு வாரத்துக்குப் பிறகும் சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பச்சை நாடா போலச் செயற்கைக்கோள் படத்தில் அது தெரிந்தது!

இயற்கையே இந்தச் சோதனையைச் செய்துகாட்டும் இடங்களும் உண்டு. கெர்குலன், தெற்கு ஜார்ஜியா தீவுகளைச் சுற்றி ஓடும் நீர் அங்குள்ள இரும்பை அள்ளிக்கொண்டு போகிறது. நீரோட்டம் போகும் பக்கமெல்லாம் ஆண்டுதோறும் பாசிப் பெருக்கம். நடுக்கடலிலும் கரை போல ஒரு பகுதி!

நடுக்கடல் டயாட்டங்களில் பிரசித்தி பெற்றவர் ஃப்ராஜிலாரியாப்சிஸ் கெர்குலென்சிஸ். தடித்த ஓடு. இரும்பு குறைந்தால் டயாட்டம், நைட்ரேட்டை விட சிலிக்காவை அதிக விகிதத்தில் இழுத்து ஓட்டைத் தடிக்க வைக்கும். மென்று தின்ன வரும் பூச்சிக்குக் கவசம். அந்த ஓடுகள் விழுந்து விழுந்து அண்டார்டிகாவைச் சுற்றிக் கடலடியில் ஒரு சிலிக்காச் சேற்று வளையமே உண்டாகியிருக்கிறது. மேல்நீர் வடக்கே நகர நகர சிலிக்கா தீர்ந்துபோகிறது.

அடுத்த கேள்வி அப்பாவுடையது: "சரிம்மா, அப்ப இரும்பைக் கொண்டுபோய்க் கொட்டிட வேண்டியதுதானே?"

கொட்டிப் பார்த்தார்கள், அதுவும் நம் நாடே! 2009 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்திய சோதனையின் பெயர் லோஹாஃபெக்ஸ். லோஹா என்றால் இந்தியில் இரும்பு. கோவாவில் இருக்கும் தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் போலார்ஸ்டெர்ன் என்ற கப்பலில் போனார்கள். கடலில் குப்பை கொட்டுவதா என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்ததால் ஜெர்மனி அரசு இடையில் நிறுத்தி, பரிசீலித்து, பிறகே அனுமதித்தது. தென் அட்லாண்டிக்கில் ஒரு நீர்ச்சுழிக்குள் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு கரைத்தார்கள்.

பாசி பெருகியது, ஆனால் டயாட்டம் அல்ல. அந்த நீரில் சிலிக்கா முன்பே தீர்ந்திருந்தது. வீடு கட்டச் செங்கல் இல்லாதவர் குடும்பம் பெருக்குவது எப்படி? பொடிப் பாசிகள் வளர்ந்தன. கோபிபாடு என்ற சிறு இறால் இன உயிர்கள் அவற்றைத் தின்றன. கோபிபாடை வேறு உயிர்கள் தின்றன. ஆழத்துக்குப் போன கரி கொஞ்சம்தான். ஒரு குறையைத் தீர்த்தால் அடுத்த குறை கையைப் பிடித்துக்கொள்கிறது. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "வயலும் அப்படித்தான்" என்றார்.

வடக்கே நேர்மாறு

ஆர்க்டிக் என்பது நிலம் சூழ்ந்த கடல். உலகக் கடல்நீரில் சுமார் 1 சதவீதமே அங்கு இருக்கிறது. ஆனால் உலக ஆறுகளின் நீரில் ஏறக்குறைய 11 சதவீதம் அங்கே போய் விழுகிறது. ஆகவே நன்னீர் மூடி எப்போதும் பலமாகவே இருக்கும். சுற்றிலும் நிலம் இருப்பதால் பொதுவாக இரும்புக்குப் பெரிய குறை இல்லை. அங்கே குறைவது நைட்ரேட். மூடியோ கீழிருந்து வரும் நைட்ரேட்டைத் தடுக்கிறது. தெற்கே வரமான அதே மூடி, வடக்கே நடுக்கடலில் சாபம்!

கனடாவுக்கு வடக்கே உள்ள ஆழ்கடலில் 2004 முதல் 2008 வரை அளந்தார்கள். மேல்நீரில் உப்பு குறைந்துகொண்டே வந்தது, சற்றுப் பெரிய பாசிகள் குறைந்தன, பொடியர்கள் கூடினார்கள். சத்து குறைந்த நீரில் சிறிய உடம்புக்குத்தான் லாபம். உடம்பின் அளவை ஒப்பிட்டால் சிறிய செல்லுக்குப் பரப்பு அதிகம். அரிதான சத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும்.

கரையோர ஆழமில்லாத கடல்களில் கதை வேறு. பெரிங் நீரிணை வழியாகப் பசிபிக்கின் சத்துள்ள நீர் சுக்சி கடலுக்குள் நுழைகிறது. அங்கே டயாட்டம் கொழிக்கிறது. 2011 ஜூலையில் அங்கு போன அமெரிக்க ஆய்வுக் குழு, சுமார் 1 மீட்டர் தடிமன் பனிக்கு அடியிலேயே பெரும் டயாட்டப் பெருக்கத்தைக் கண்டது. பனி விளிம்பிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வரை! பனியின் மேல் உருகித் தேங்கிய குட்டைகள் கண்ணாடி ஜன்னல் போல வெளிச்சத்தைக் கீழே விட்டன. பனிக்கு அடியில் இருட்டு, பயிர் வராது என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் காங்ஸ்ஃபியோர்டு என்ற குடா இருக்கிறது. உள்முனையில் பனியாறு கொண்டுவரும் சேறு நீரைக் கலக்கி வெளிச்சத்தை மறைக்கிறது. வாய்ப்பக்கம் அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் வருகிறது. ஒரே குடாவில் இரண்டு உலகம். அந்தக் கரையில்தான் 2008-இல் நம் நாட்டின் ஹிமாத்ரி நிலையம் தொடங்கப்பட்டது. 2014-இல் இண்டார்க் என்ற கருவித் தொகுப்பை அந்தக் குடாவின் நீருக்குள் இறக்கினார்கள். அதை உருவாக்கியதில் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கும் பங்கு உண்டு. கருவியியல் படிக்கும் நமக்கு இது பெருமை இல்லையா?

தின்பது யார்?

யார் விளைந்தால் என்ன, எல்லாம் பாசிதானே என்று நினைக்கலாம். அங்கேதான் ஆபத்து.

அண்டார்டிகாவில் டயாட்டத்தைத் தின்பது கிரில் என்ற, விரல் நீளம் வளரும் இறால் போன்ற உயிர். கிரிலைத் தின்பவை திமிங்கலம், சீல், பென்குவின். கிரிலின் கால்களில் உள்ள சல்லடை டயாட்டத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் 10 மைக்ரானுக்கும் சிறிய செல்லைச் சரியாகப் பிடிக்காது. கிரிப்டோஃபைட் 8 மைக்ரான்! சல்லடை வழியே நழுவிவிடும். அதைப் பிடிப்பது சால்ப் என்ற ஜெல்லி போன்ற உயிர். அது பெரிது சிறிது பார்க்காமல் வடிகட்டிவிடும். ஆனால் சால்ப்பின் உடம்பு பெரும்பாலும் தண்ணீர். கிரில் அளவுக்கு அதில் சத்து இல்லை.

ஆக, பனியாறு கூடுதலாக உருகி, உப்புக் குறைந்து, டயாட்டம் இருந்த இடத்தில் கிரிப்டோஃபைட் வந்தால் பச்சையத்தின் அளவு அப்படியே இருக்கலாம். பென்குவின் குஞ்சின் வயிறு காயும். இரண்டு மைக்ரான் வித்தியாசத்தில் ஒரு சோற்றுப்பானையே கவிழ்ந்துவிடுகிறது.

மாற்றம் ஏற்கெனவே தெரிகிறது. அண்டார்டிகத் தீபகற்பத்தின் மேற்கே 1978-86 காலத்தையும் 1998-2006 காலத்தையும் செயற்கைக்கோள் படங்களால் ஒப்பிட்டார்கள். கோடைப் பச்சையம் மொத்தத்தில் 12 சதவீதம் குறைந்திருந்தது. வடபகுதியில் பனி குறைந்து, காற்று கூடி, கலக்கல் ஆழமானதால் குறைவு. தென்பகுதியில் புதிதாகத் திறந்த நீரால் கூடுதல். ஆர்க்டிக்கிலோ 1998 முதல் 2018 வரை விளைச்சல் 57 சதவீதம் கூடியிருக்கிறது. தெற்கைப் பார்த்து வடக்கை ஊகிக்க முடியாது. ஒரு பகுதியைப் பார்த்து மறுபகுதியையும் ஊகிக்க முடியாது.

எப்படி அளக்கிறார்கள்?

இது நம் பாடம். பச்சையத்தின் மேல் நீல ஒளியைப் பாய்ச்சினால், அது சுமார் 685 நானோமீட்டரில் சிவப்பு ஒளியைத் திருப்பி உமிழும். அந்தச் சிவப்பின் அளவிலிருந்து பச்சையத்தைக் கணிப்பதுதான் ஃப்ளோரோமீட்டர். ஒரு எல்.இ.டி., ஒரு ஃபில்டர், ஒரு டிடெக்டர். தத்துவம் எளிது. ஆனால் கடும் வெயிலில் பாசி தன்னைக் காத்துக்கொள்ள அந்த உமிழ்வைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே நண்பகல் ரீடிங் குறைவாகக் காட்டும்! பயிர் குறையவில்லை, கருவியும் கெடவில்லை. பாசியின் குணம் தெரியாமல் ரீடிங்கை நம்பினால் ஏமாந்துபோவோம்.

எந்தக் கூட்டம் என்று அறிய நிறமிகளைப் பிரிக்கிறார்கள். டயாட்டத்துக்கு ஃபியூகோஸாந்தின், கிரிப்டோஃபைட்டுக்கு அல்லோஸாந்தின் என்று ஆளுக்கொரு அடையாள அட்டை உண்டு.

வானத்திலிருந்து கடலின் நிறத்தைப் பார்க்கச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. நம் ஓஷன்சாட்-1 கூட 1999 மே 26-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. ஆனால் துருவத்தில் மேகம், பனி, சாய்ந்த சூரியன், குளிர்காலத்தில் முழு இருட்டு. வழக்கமான சூத்திரம் தென்பெருங்கடலில் பச்சையத்தைக் குறைத்துக் காட்டும். ஆர்க்டிக்கில் ஆற்று நீரின் பழுப்பு நிறம் கூட்டிக் காட்டும். எனவே கப்பலில் போய் நீரை எடுத்து ஒப்பிட்டே தீர வேண்டும். தானாக மூழ்கி எழும் மிதவைக் கருவிகளையும் இப்போது விட்டிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட பேஸ் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் நூற்றுக்கும் மேற்பட்ட நிறப் பட்டைகளைப் பார்ப்பதால், எந்தக் கூட்டம் என்பதையும் வானத்திலிருந்தே பிரித்துச் சொல்ல முயல்கிறது.

தோழர்களே! இந்த வேலைகளில் விஞ்ஞானி பெயர் மட்டும்தான் வெளியே வருகிறது. ஆனால் அந்த சென்சாரை அளவு சரிபார்த்தவர், கேபிளைக் கசியாமல் மூடியவர், பாட்டரி குளிரில் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டவர் எல்லாம் டெக்னீஷியன்கள், அதாவது நம்மைப் போன்றவர்கள். டிப்ளமோதானே என்று நம்மை நாமே குறைத்துக்கொள்ள வேண்டாம். அளவு தப்பினால் ஆய்வே தப்பு. நடுவதற்கு முன் வயலைப் பார்க்கத் தெரிந்த வீட்டிலிருந்து வந்தவர்கள் நாம். எது குறைகிறது என்று பார்க்கும் கண் நமக்கு இருக்கிறது. அதோடு கருவியும் கையில் வந்தால் எந்தக் கடலையும் அளக்கலாம்.

வளர்க அறிவியல்! வாழ்க தமிழ்!